"தூக்கிப் போடுங்க" என்று சொல்வதா வியாபாரம்?



நம் இதழில் வழக்கமாக வரி, உரிமம், சரக்கு விலை, தராசு முத்திரை ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறோம். இந்த முறை நான் ஒரு பழைய டேப் ரிக்கார்டரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது, பருப்பு வியாபாரத்தை விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்க உட்கார்ந்துவிட்டார்" என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கடைசி வரை படித்தால் இது நம் கல்லாப் பெட்டியைப் பற்றிய விஷயம்தான் என்பது விளங்கும்.

நான் விருதுநகரில் பருப்பு, வற்றல், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருகிறவன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக்கொண்டு 1977-இல் தந்தையாரின் கடைக்கு வந்தேன். 1985-இல் துபாயிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எங்களுக்கு ஒரு டூ-இன்-ஒன் செட் கொண்டுவந்து கொடுத்தார். காலை ஆறு மணிக்குக் கடைக் கதவைத் திறந்ததும் அப்பா அதில் பக்திப் பாடல் கேசட்டைப் போடுவார். பாட்டு ஒரு பக்கம் முடிவதற்குள் மூட்டை பிரித்துத் தராசு துடைத்து முதல் போணிக்குத் தயாராகிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அறுபது நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம். எங்கள் கடையில் கடிகாரம் பார்த்தவர்களைவிடக் கேசட் கேட்டு நேரம் தெரிந்துகொண்டவர்களே அதிகம்.

1991-இல் புதுக் கிட்டங்கி திறந்த அன்று அப்பா குடும்பத்தாரையும் வேலையாட்களையும் உட்கார வைத்து இருபது நிமிடம் போலப் பேசினார். என் தம்பி அதை அந்த செட்டிலேயே ஒரு கேசட்டில் பதிவு செய்தான். 1996-இல் அப்பா காலமானார். அந்தக் கேசட் துணியில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. பிறகு அதை எடுத்துப் போட்டுக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

சென்ற தை மாதம், மாடியில் படுக்கையோடு இருக்கும் என் தாயார், "உங்க அப்பா பேசினதை ஒரு தடவை கேட்கணும்டா" என்றார்கள். அம்மாவுக்கு வயது 88. காது மந்தம். அந்த வயதில் ஒருவர் "ஒரு தடவை" என்று கேட்டால் அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும்.

பரணிலிருந்து செட்டை இறக்கினேன். இரண்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பையும் எலி கடித்து வைத்திருந்தது. கேசட்டைப் போட்டால் சக்கரம் சுற்றவில்லை. மின்சாரம் வருகிறது, விளக்கு எரிகிறது, அவ்வளவுதான்.

முதலில் நம் பஜாரிலேயே உள்ள ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கல்லாவில் இருந்த தம்பி செட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கேசட்டா? அதெல்லாம் போச்சு அண்ணாச்சி. எடைக்குப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்க" என்றார். கேசட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். கடையை விட்டு வெளியே வரும்போது எனக்குக் கோபம் வரவில்லை. என் கடையில் என் பையன்கள் எத்தனை பேரிடம் இதே மாதிரி பேசியிருப்பார்களோ என்ற எண்ணம்தான் வந்தது.

இணையத்தில் வந்த இரண்டு பெட்டிகள்

வீட்டில் பேரனிடம் தீபாவளிக்கு வாங்கிய கம்பியில்லா ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. ப்ளூடூத் என்கிறார்களே, அந்த வகை. உள்ளங்கை அகலம்தான், சத்தமோ கணீரென்று இருக்கிறது. அதைக் கட்டிலில் அம்மாவின் காதருகே வைக்கலாம். டூ-இன்-ஒன்னைக் கீழே மேசை மேல் வைத்துவிட்டு, அதன் சத்தத்தை மட்டும் இந்த ஸ்பீக்கருக்கு அனுப்ப முடியுமானால் நம் வேலை முடிந்தது. இதுதான் என் யோசனை.

அந்த ஸ்பீக்கரில் ஒயர் செருகும் ஆக்ஸ் துளை இல்லை. முன்பெல்லாம் பல ஸ்பீக்கர்களில் இருந்தது. இப்போது பல மாடல்களில் எடுத்துவிட்டார்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஒரு துளை. ஆகவே நடுவில் ஒரு சிறு கருவி வேண்டும் என்று பேரன் சொன்னான். செல்போனிலேயே தேடி ஒன்றுக்கு ஆர்டர் போட்டான். மூன்றாம் நாள் வந்தது. செருகினோம், பொத்தானை அழுத்தினோம், விளக்கு மின்னியது, சத்தம் வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டு வேறு படம் போட்ட இன்னொன்றை வரவழைத்தோம். அதுவும் அப்படியே. பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதினோரு நாள் போயிற்று. அம்மா தினமும் "வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில், பக்கத்துத் தெருவில் எட்டடி அகலக் கடை வைத்திருக்கும் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன். ஐம்பது வயது இருக்கும். நான் பேச்சைத் தொடங்குமுன் ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு மூன்றே கேள்வி கேட்டார்.

"சத்தம் எதிலிருந்து கிளம்புது அண்ணாச்சி? எதுல போய்ச் சேரணும்? நடுவுல எவ்வளவு தூரம்?"

நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "நீங்க வாங்கின ரெண்டுமே ரிசீவர். கார்ல மாட்டுறது. உங்களுக்கு வேண்டியது டிரான்ஸ்மிட்டர்."

அனுப்புகிறவரும் இறக்குகிறவரும்

அவர் விளக்கியதை நம் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன். டிரான்ஸ்மிட்டர் என்பது சரக்கை ஏற்றி அனுப்புகிற ஆள். ரிசீவர் என்பது கிட்டங்கி வாசலில் நின்று இறக்குகிற ஆள். கம்பியில்லா ஸ்பீக்கருக்குள் இறக்குகிற ஆள் ஏற்கெனவே இருக்கிறார். நாங்கள் வாங்கிய கருவியிலும் இறக்குகிற ஆள்தான். இரண்டு பக்கமும் இறக்குகிறவர்களே நின்றுகொண்டு லாரி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் சரக்கு எங்கிருந்து வரும்?

இரண்டு கருவியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் அதே 3.5 மில்லிமீட்டர் துளைதான். விளம்பரத்தில் "ப்ளூடூத் ஆக்ஸ் அடாப்டர்" என்று பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். பெட்டியில் டி.எக்ஸ். என்றிருந்தால் அனுப்புவது, ஆர்.எக்ஸ். என்றிருந்தால் வாங்குவது. இரண்டும் சேர்ந்து ஒரு சிறு சுவிட்ச் வைத்த கருவியும் உண்டு. அதில் சுவிட்சை டி.எக்ஸ். பக்கம் தள்ள வேண்டும். இந்த இரண்டெழுத்தைச் சொல்ல ஆள் இல்லாமல்தான் எங்களுக்குப் பதினோரு நாள் போனது.

அவரிடமே ஒரு டிரான்ஸ்மிட்டர் இருந்தது, விலை 650 ரூபாய். இணையத்தில் வந்ததைவிட 250 ரூபாய் கூடுதல். நான் பேரம் பேசவில்லை. மொத்த வியாபாரி பேரம் பேசாமல் வாங்கினான் என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

உங்களில் பலர் வீட்டிலும் இப்படிப் பழைய செட் தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அவர் சொன்ன விவரங்களைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

முதலில் செட் ஓட வேண்டும். கேசட் சுற்றாததற்குக் காரணம் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட். பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் அது தளர்ந்துபோகும், சிலவற்றில் தார் போல உருகி ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டுப் புதுப் பெல்ட் போட வேண்டும். கேசட் நாடா உரசிச் செல்லும் ஹெட்டை, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைக்க வேண்டும். நல்ல கேசட்டை முதலில் போடக் கூடாது. போனால் போகிறது என்று ஒரு பழைய பாட்டுக் கேசட்டைப் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகே முக்கியமானதைப் போட வேண்டும். பெல்ட் சரியில்லாத செட் நாடாவை இழுத்துக் கசக்கிவிடும்.

அடுத்து, சத்தத்தை எந்தத் துளையிலிருந்து எடுப்பது என்பது. செட்டின் பின்புறம் லைன் அவுட் என்று சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வளையத் துளைகள் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் முன்புறமுள்ள ஹெட்போன் துளை போதும். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை வெட்டி டிரான்ஸ்மிட்டரில் இணைக்கவே கூடாது. அந்த ஒயரில் வரும் மின்சாரத்தின் அளவு அதிகம், சிறு கருவி கெட்டுப்போகும். ஹெட்போன் துளையில் எடுத்தால் செட்டின் வால்யூமைப் பாதிக்கு வைத்துவிட்டு, மீதியை ஸ்பீக்கரில் கூட்டிக்கொள்ள வேண்டும். செட்டிலேயே முழுக்கத் திருகினால் கரகரவென்று வரும்.

ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சிறிய டேப் ரிக்கார்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அவற்றின் இயர்போன் துளை மோனோ வகை. இப்போதைய ஸ்டீரியோ பின்னைச் செருகினால் ஒரு பக்கம் மட்டுமே சத்தம் வரும். அதற்கு மோனோவை ஸ்டீரியோவாக மாற்றும் சிறு இணைப்பான் ஒன்று சேர்க்க வேண்டும். அதற்காகச் செட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கடைசியாக, ஜோடி சேர்ப்பது. டிரான்ஸ்மிட்டரில் திரை கிடையாது, பெயர் காட்டாது. அதையும் ஸ்பீக்கரையும் அருகருகே வைத்து, இரண்டிலும் இணைக்கும் பொத்தானை விளக்கு வேகமாக மின்னும் வரை அழுத்திப் பிடித்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் அடுத்த முறை பெரும்பாலும் தானாகவே சேரும். ஆனால் அந்த நேரத்தில் வீட்டிலுள்ள செல்போன்களில் ப்ளூடூத்தை நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் பழைய பழக்கத்தில் போனோடு போய் ஒட்டிக்கொள்ளும். திறந்த இடத்தில் சுமார் பத்து மீட்டர் வரை இது எட்டும். சுவரும் கான்கிரீட் தளமும் தூரத்தைக் குறைக்கும். டிரான்ஸ்மிட்டரை சார்ஜரில் செருகிக்கொண்டே கேட்டால் சில சமயம் ஒரு இரைச்சல் வரும். அப்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு அதன் பேட்டரியிலேயே ஓட்டினால் நின்றுவிடும்.

அணாவும் நயா பைசாவும்

இந்த ப்ளூடூத் என்ற பெயர் பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்டு என்ற அரசரின் பட்டப்பெயராம். பிரிந்துகிடந்தவர்களை ஒன்றாக இணைத்தவர் என்பதற்காக அவர் பெயரை வைத்தார்கள். 1998-இல் எரிக்சன், ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, தோஷிபா என ஐந்து கம்பெனிகள் ஒன்றுகூடி இதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தின. யார் செய்த கருவியானாலும் யார் செய்த கருவியோடும் பேச வேண்டும் என்று ஒரு பொது அளவை வகுத்தார்கள். கேசட்டும் அப்படித்தான். 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி அறிமுகம் செய்த அளவையே உலகமெல்லாம் ஏற்றுக்கொண்டதால், ஜப்பான் செட்டில் நம்மூர்க் கேசட் ஓடியது.

பொது அளவு என்றதும் எனக்கு அப்பா சொன்ன பழைய கதை நினைவுக்கு வருகிறது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. ஓர் அணாவுக்கு ஆறே கால் பைசா. மறு ஆண்டு முதல் வீசையும் பலமும் போய்ப் படிப்படியாகக் கிலோ வந்தது. கடைக்கு வந்த பெரியவர்கள் "ஓரணாவுக்குச் சீரகம்" என்றுதான் கேட்டார்களாம். என் பாட்டனார் "அணா எல்லாம் போச்சு, தூக்கிப் போடு" என்று சொல்லவில்லை. ஓர் அட்டையில் இந்தப் பக்கம் அணா, அந்தப் பக்கம் நயா பைசா என்று எழுதிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டார். அந்த அட்டையைப் பார்த்து வாசித்துச் சொல்வது அப்பாவின் வேலை. அந்த அட்டை செய்த வேலையைத்தான் இன்று இந்த 650 ரூபாய்ப் பெட்டி செய்கிறது.

நம்மில் பலர் புதுமை என்றால் பழையதை ஒழிப்பது என்று எண்ணிக்கொள்கிறோம். இன்னும் சிலர் பழமை என்றால் புதியதைத் திட்டுவது என்று எண்ணிக்கொள்கிறோம். நான் இரண்டையும் ஏற்கவில்லை. அந்த ஸ்பீக்கர் இல்லாவிட்டால் என் தாயாருக்குக் காது கேட்டிருக்காது. அந்த டூ-இன்-ஒன் இல்லாவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

அன்று மாலை

பெல்ட் மாற்றி, ஹெட் துடைத்து, எல்லாவற்றையும் இணைத்தோம். மேசையை மாடிப்படி அருகே தள்ளி வைத்தோம். அம்மாவின் தலையணை அருகே ஸ்பீக்கரை வைத்துக் கேசட்டைப் போட்டதும் ஒரு சினிமாப் பாட்டு அலறியது. பேரனின் போன் குறுக்கே வந்துவிட்டது. "உங்க அப்பா எப்படா பாட ஆரம்பிச்சாரு?" என்றார்கள் அம்மா.

போனை நிறுத்திவிட்டு மறுபடி போட்டோம். முதலில் நாடா இரையும் சத்தம், ஒரு லாரி ஹாரன், யாரோ இருமியது. பிறகு அப்பா. எவ்வளவு கடன் வாங்கிக் கிட்டங்கி கட்டினார், யார் யார் கைமாற்றாகக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார். பாதியில், "பேசினது போதும், எல்லாருக்கும் காப்பி ஆறிப்போகுது" என்று ஒரு பெண் குரல் அதட்டியது. அம்மாவுடைய குரல்தான். முப்பத்து நாலு வருடத்துக்கு முந்திய தம் குரலைக் கேட்டு அம்மா சிரித்தார்கள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி போடு" என்றார்கள்.

பேச்சின் முடிவில் அப்பா வேலையாட்களிடம் சொல்கிறார்: "வந்த ஆள்கிட்ட இல்லைன்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. நம்மகிட்ட இல்லாட்டி எந்தக் கடையில இருக்குன்னு சொல்லி அனுப்புங்க." அன்று நானும் அங்கேதான் நின்றேன். இத்தனை ஆண்டுகளில் அது எனக்கு மறந்தே போயிருந்தது.

மறுநாளே அதே மெக்கானிக்கிடம் கொடுத்து அந்தக் கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டேன். காந்த நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேயும், என்றாவது அறுந்தும் போகலாம். உங்கள் வீட்டில் பெரியவர்களின் குரல் கேசட்டில் இருந்தால், செட் ஓடுகிற நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். இணைய வியாபாரம் நம்மை விழுங்குகிறது என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். விலையில் அவர்களோடு பல சரக்குகளில் நாம் போட்டி போட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். என் பணமும் திரும்பி வந்தது. ஆனால் "சத்தம் எதிலிருந்து கிளம்புது?" என்று எந்தப் பெட்டியும் என்னிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

அதே நேரத்தில், சிறு கடை என்பதாலேயே நாம் உயர்ந்தவர்கள் என்று மார் தட்டிக்கொள்ளவும் முடியாது. "எடைக்குப் போடுங்க" என்று என்னை அனுப்பியதும் சிறு கடைதான். கேள்வி கேட்காத சிறு கடைக்கும் இணையத்துக்கும் என்ன வேறுபாடு? இணையத்திலாவது விலை குறைவு.

நம் மளிகைக் கடைகளில் இது தினமும் நடக்கிறது. ஒரு பாட்டி வந்து கருப்பட்டி கேட்கிறார். பையன் "இல்லை" என்கிறான். மருந்துக்கா, காப்பிக்கா, பணியாரத்துக்கா என்று கேட்டிருந்தால் எதற்கு எது பொருந்தும், எந்தக் கடையில் நல்லது கிடைக்கும் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பாட்டி அடுத்த வாரம் அரிசி வாங்க நம்மிடம்தான் வருவார்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று, நம் ஊரில் தராசு, மிக்சி, கிரைண்டர், ரேடியோ, கடிகாரம் பழுது பார்ப்பவர்களின் பட்டியலைச் சங்கத்தின் ஆண்டுக் கையேட்டில் சேர்க்க வேண்டும். அவர்களும் வணிகர்களே. பலர் சந்தா கட்ட இயலாத நிலையில் இருக்கிறார்கள். முதல் ஆண்டுச் சந்தாவைத் தள்ளுபடி செய்து உறுப்பினராக்கலாம்.

இரண்டு, மின்சாதனக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் பழைய கருவியையும் புதிய கருவியையும் இணைக்கும் சிறு பொருள்களைக் கொஞ்சமாவது இருப்பில் வைக்க வேண்டும். லாபம் சிறிதுதான். ஆனால் 650 ரூபாய்ச் சாமான் விற்ற அந்த மெக்கானிக்கிடம், அதன் பிறகு என் வீட்டு மின்விசிறி இரண்டு, கடைத் தராசு ஒன்று போய்விட்டன.

மூன்று, பழுது பார்க்கும் உரிமைக்காக நாமும் குரல் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனிகள் உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். இது வாடிக்கையாளருக்கு மட்டும் நன்மை என்று எண்ண வேண்டாம். உதிரி பாகம் தாராளமாகக் கிடைத்தால் அதை விற்பவரும் பொருத்துபவரும் நம் தெருவில் இருப்பவர்களே.

என் கடையில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறேன். கல்லாவுக்கு மேலே, பாட்டனார் அட்டை தொங்கிய அதே ஆணியில், பக்கத்துக் கடைகளில் என்னென்ன கிடைக்கும் என்று எழுதிய ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். பையன்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே விட்டுப்போனதை அதில் எழுதிச் சேர்க்கிறார்கள். உங்கள் கடைகளிலும் செய்து பாருங்கள். நன்மை இருந்தால் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் எழுந்து சொல்லுங்கள்.

அம்மா இன்னும் வாரம் ஒரு முறை "போடுடா" என்கிறார்கள். பென் டிரைவில் ஏற்றியதைப் போட்டால் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கேசட்டைச் செருகி மூடும் அந்த 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டுமாம். அதனால் தேய்கிறதே என்று தெரிந்தும் எப்போதாவது கேசட்டையே போட்டுவிடுகிறேன்.